கணினிக்குக் கண் திறந்த காலம்

ஒரு மார்க் ஷீட்டை மேசைமேல் வைத்து, போனில் ஸ்கேன் செய்யும் செயலியைத் திறந்து மேலே பிடித்தால், ஒரு நொடிக்குள் தாளைச் சுற்றி நான்கு கோடுகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. போனைக் கோணலாகப் பிடித்திருந்தாலும் தாள் நேராகிவிடுகிறது. மஞ்சளாகத் தெரிந்த காகிதம் வெள்ளையாகிறது, மங்கிய எழுத்து கறுப்பாகிறது. ஜெராக்ஸ் கடைக்குப் போகும் வேலை மிச்சம் என்று நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த ஒரு பொத்தானுக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. படத்தில் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தேடுவது முதல் வேலை. கிடைத்த விளிம்புத் துண்டுகளிலிருந்து நேர்கோடுகளைப் பொறுக்குவது இரண்டாவது. கோணலாக விழுந்த படத்தை நிமிர்த்துவது மூன்றாவது. கடைசியாக, சாம்பல் நிறங்களைக் கறுப்பு, வெள்ளை என்று பிரிப்பது. இன்றைய செயலிகளில் இந்த வேலைகளில் சிலவற்றை, ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கிய நியூரல் நெட்வொர்க் என்ற நிரல் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வேலைகளும் அவற்றின் கணக்கும் 1957க்கும் 1972க்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகளில் உருவானவை. ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த கணினிகளோடு, இன்றைய பொம்மை ஒன்றில் இருக்கும் நினைவகம்கூட இல்லாமல், வேறு வேறு ஊர்களில் வேறு வேறு காரணங்களுக்காகச் சிலர் செய்த வேலை அது. அந்தக் காலம் எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசி வேலையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் வரலாற்றில் அதுதான் முதலில் வந்தது.

வாஷிங்டனில் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் என்று ஓர் அரசு ஆய்வகம் இருந்தது. எடை, அளவு, தரம் இவற்றுக்கெல்லாம் அமெரிக்காவின் அளவுகோல் அங்கேதான். அங்கே சீயாக் என்று ஒரு கணினி 1950இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பாதரசம் நிரப்பிய குழாய்களுக்குள் ஒலி அலைகளாக எண்களைச் சுற்றவிட்டு நினைவில் வைத்திருந்த இயந்திரம் அது. அதில் வேலை செய்த ரஸ்ஸல் கிர்ஷ் என்ற இளைஞருக்கு ஒரு கேள்வி வந்தது. எண்ணையும் எழுத்தையும்தான் இதற்குக் கொடுக்கிறோம். நாம் பார்ப்பதை இதுவும் பார்த்தால் என்ன ஆகும்?

1957இல் அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் ஒரு ஸ்கேனரைக் கட்டினார்கள். சுழலும் உருளையின்மேல் புகைப்படத்தை ஒட்டி, அதன்மேல் வெளிச்சம் காட்டி, ஒரு சிறு துளை வழியாகத் திரும்பி வரும் ஒளியை ஒளிமின் குழாய் ஒன்று அளந்தது. முதலில் கொடுத்த படங்களில் ஒன்று கிர்ஷின் மூன்று மாத மகன் வால்டனுடையது. ஒரு பக்கம் சுமார் 5 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும் படம். அதை 176க்கு 176 கட்டங்களாகப் பிரித்தார்கள். மொத்தம் 30,976 கட்டங்கள். இன்று 12 மெகாபிக்சல் போனில் எடுக்கும் ஒரே படத்துக்குள் இதுபோல 387 வால்டன்களை அடுக்கிவிடலாம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த ஸ்கேனர் சொன்னது ஒரே ஒரு செய்திதான்: இருட்டா, வெளிச்சமா. ஒன்று அல்லது பூஜ்யம். அளக்கப்பட்ட ஒளி ஒரு வரம்பைத் தாண்டினால் வெள்ளை, தாண்டாவிட்டால் கறுப்பு. குழந்தையின் கன்னத்தில் இருக்கும் மென்மையான நிழலுக்கெல்லாம் அதில் இடமில்லை. இதற்குக் கிர்ஷின் குழு கண்டுபிடித்த வழி நம் வீட்டு வழிதான். ஒரே மாவை வேறு வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் சலித்தால், எது நைஸ், எது ரவை என்று தெரிந்துவிடும் அல்லவா? அதுபோல ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, ஒவ்வொரு முறையும் அந்த வரம்பை மாற்றிக்கொண்டே வந்தார்கள். எல்லா வரம்பையும் தாண்டிய கட்டம் நல்ல வெள்ளை. ஒன்றைக்கூடத் தாண்டாதது நல்ல கறுப்பு. இடையில் நின்றவை சாம்பல். அவற்றைக் கூட்டியபோது கன்னத்தின் நிழல் திரும்பி வந்தது.

போன் செயலி செய்வது இதன் தலைகீழ். அதனிடம் சாம்பல் நிறங்கள் ஏராளமாக இருக்கின்றன; எந்த வரம்பில் வெட்டினால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும் என்று அது தேடுகிறது. தாளின் ஒரு மூலையில் உங்கள் கையின் நிழல் விழுந்திருந்தால் எல்லா இடத்துக்கும் ஒரே வரம்பு சரிவராது, இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும். அது பின்னாளில் வந்த திருத்தம். வரம்பு வைத்து வெட்டுவது என்ற எண்ணம் சீயாக்கில் இருந்ததுதான்.

அங்கே அவர்கள் படத்தை உள்ளே ஏற்றியதோடு நிற்கவில்லை. படத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக எத்தனை உருவங்கள் இருக்கின்றன என்று கணினியை எண்ணவைத்தார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். டிஜிட்டல் படம் பிறந்த நாளிலேயே, அதை அழகாகக் காட்டுவதைவிட அதற்குள் என்ன இருக்கிறது என்று கணினியையே கேட்பதுதான் நோக்கமாக இருந்தது.

ஆனால் பணமும் அவசரமும் வேறு பக்கத்திலிருந்து வந்தன. நிலவுக்கு ஆள் அனுப்ப அமெரிக்கா தயாராகிக்கொண்டிருந்த காலம். இறங்கும் இடம் கெட்டியா, பள்ளமா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காகவே ரேஞ்சர் விண்கலங்கள் நிலவில் போய் மோதும்படி அனுப்பப்பட்டன. மோதும் வரை படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. ஆறு முயற்சிகள் பலிக்கவில்லை. 1964 ஜூலை 31 அன்று ரேஞ்சர் 7 தன் கடைசி 17 நிமிடங்களில் 4,300க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிவிட்டு நிலவில் மோதியது.

வந்த படங்களில் கோளாறுகள் இருந்தன. அந்தக் காலத்து தொலைக்காட்சிக் கேமரா குழாய் எதையும் நேர்மையாகக் காட்டாது. ஓரத்தில் கோடுகள் வளையும், நடுவில் ஒரு பிரகாசம், மூலையில் ஒரு பிரகாசம். மின்சுற்றின் இரைச்சல் படம் முழுக்கச் சீரான வரிகளாகப் படியும். கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ராபர்ட் நேதனும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கணினியில் திருத்த முனைந்தார்கள். வந்தது சாதாரண தொலைக்காட்சி அலை. அதை முதலில் எண்களாக மாற்றினார்கள். அப்புறம் அவர்கள் பயன்படுத்திய தந்திரத்தைப் பார்க்க வேண்டும். கேமராவைப் பூமியில் இருந்தபோதே, இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளிகளைப் படம்பிடிக்கவைத்துச் சோதித்திருந்தார்கள். இந்தப் புள்ளி இங்கே விழ வேண்டும், ஆனால் அங்கே விழுந்திருக்கிறது. எவ்வளவு தள்ளி விழுந்தது என்பது தெரிந்துவிட்டால், நிலவுப் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அதற்குரிய இடத்துக்குத் தள்ளிவிடலாம். பிரகாசத்துக்கும் அதே முறைதான். வரிவரியாகப் படிந்த இரைச்சல் சீராகத் திரும்பத் திரும்ப வருவதால், அந்த அலைநீளத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பிரித்தெடுத்து நீக்கினார்கள்.

போன் உங்கள் தாளை நிமிர்த்தும்போதும் இதே எண்ணம்தான் வேலை செய்கிறது. தாளுக்கு நான்கு மூலை உண்டு, அவை செங்கோணத்தில் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். படத்தில் அந்த மூலைகள் எங்கே போய் விழுந்திருக்கின்றன என்று தெரிந்ததும் மீதியெல்லாம் கணக்கு.

இந்த ஆய்வகத்தில் வேலை செய்த ஃப்ரெட் பில்லிங்ஸ்லி 1965இல் எழுதிய கட்டுரைகளில்தான் 'பிக்சல்' என்ற சொல் முதன்முதலாக அச்சில் வந்தது. படம், கூறு என்ற இரண்டு சொற்களைச் சுருக்கிச் செய்த சொல். அவரும் அதை உருவாக்கவில்லை, வேறொரு நிறுவனத்தில் இருந்த ஒரு பொறியாளரிடம் கேட்டுப் பிடித்துக்கொண்டார். வாய்ப்பேச்சில் புழங்கிய ஒரு சொல்லை யாரோ ஒருவர் எழுதிவைக்கிறார். இன்று கடையில் போன் வாங்கும்போது நாமும் அதைச் சொல்லித்தான் விலை கேட்கிறோம்.

அதே ஆய்வகத்தில் அதே 1965இல் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மாரினர் 4 விண்கலம் ஜூலை 14, 15 தேதிகளில் செவ்வாயைக் கடந்து போனது. இன்னொரு கோளை அருகிலிருந்து எடுத்த முதல் படங்கள் அதனிடம் இருந்தன. இந்தக் கேமரா படத்தை அங்கேயே எண்களாக்கிவிடும்: 200க்கு 200 கட்டங்கள், ஒவ்வொன்றும் 64 நிலைகளில் ஒன்று. ஆக ஒரு படம் 2,40,000 பிட். அந்தத் தூரத்திலிருந்து அது பேசிய வேகமோ நொடிக்கு 8⅓ பிட். வகுத்துப் பாருங்கள், ஒரு படம் வந்து சேர 8 மணி நேரம். ஒரு முழு ஷிஃப்ட்.

விண்கலத்தின் பதிவு நாடா சரியாக வேலை செய்ததா என்று பொறியாளர்களுக்குக் கவலை. கணினி படமாக்கித் தரும்வரை அவர்களால் காத்திருக்க முடியவில்லை. வந்துகொண்டிருந்த எண்கள் நீளமான காகிதப் பட்டைகளில் அச்சாகிக்கொண்டிருந்தன. ரிச்சர்ட் க்ரம் என்ற பொறியாளரும் சகாக்களும் அந்தப் பட்டைகளை வரிசையாகத் தட்டியில் ஒட்டி, ஓவியக் கடையில் வாங்கிய வண்ணச் சுண்ணக் கட்டிகளால், இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று கையாலேயே நிரப்பினார்கள். மெல்ல மெல்ல, செவ்வாயின் விளிம்பும் அதற்கு அப்பால் இருந்த இருண்ட வானமும் எழுந்து வந்தன. அந்தக் காகிதம் சட்டம் போட்டு இன்றும் அந்த ஆய்வகத்தில் இருக்கிறது. டிஜிட்டல் படம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று ஓர் உடன்பாடு இருக்கிறது. படம் என்பது இவ்வளவுதான். மனிதக் கையாலும் அதைச் செய்ய முடியும்.

விண்வெளிக்காகக் கற்றதெல்லாம் வெகு சீக்கிரம் உடம்புக்குள் போனது. அங்கேயே ராபர்ட் செல்சர் எக்ஸ்ரே படங்களை இதே முறைகளால் தெளிவாக்கத் தொடங்கினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் மூளையைப் படமாக்கியபோது, அந்தப் படம் 80க்கு 80 கட்டங்கள்தான். வால்டனின் படத்தைவிடச் சின்னது. ஆனால் மண்டையைத் திறக்காமல் கட்டி இருக்கும் இடத்தைக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

சரி, விளிம்புக்கு வருவோம். விஷயம் கனமாவது இங்கேதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லாரி ராபர்ட்ஸ் என்ற மாணவர் 1963இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டைக் கட்டியவர் என்று பின்னால் பெயர் வாங்கிய அதே ராபர்ட்ஸ்தான். கனசதுரம், ஆப்பு போன்ற கட்டைகளின் புகைப்படத்தைக் கொடுத்தால், அவை முப்பரிமாணத்தில் எப்படி இருக்கின்றன என்று கணினி சொல்ல வேண்டும், வேறு பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைந்தும் காட்ட வேண்டும். இதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. கம்ப்யூட்டர் விஷன், அதாவது கணினிப் பார்வை என்ற துறைக்குத் தொடக்கம் எது என்று கேட்டால் பலரும் கைகாட்டுவது இந்த ஆய்வேட்டைத்தான்.

அவருக்கு முதலில் கட்டைகளின் விளிம்பு வேண்டும். விளிம்பு என்றால் என்ன? நமக்கு அது ஒரு கோடு. கணினிக்குக் கோடு என்று எதுவும் இல்லை, எண்கள் மட்டுமே. ராபர்ட்ஸ் செய்தது இது: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. மூலைவிட்டமாக எதிரெதிரே இருப்பவற்றைக் கழியுங்கள். இரண்டு விடைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். மேலே 30, 36, கீழே 28, 33 என்று இருந்தால் வித்தியாசங்கள் 3, 8. விடை சுமார் 8.5. அது கட்டையின் ஒரே முகம், லேசான புள்ளிக் குறைகள். மேலே 30, 30, கீழே 30, 200 என்று இருந்தால் ஒரு வித்தியாசம் 170, இன்னொன்று பூஜ்யம். விடை 170. அங்கே ஏதோ ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. படம் முழுக்க இந்த நான்கு கட்டச் சன்னலை நகர்த்திக்கொண்டே போனால் பெரிய விடைகள் வந்த இடங்களெல்லாம் விளிம்பாக எழுந்து நிற்கும்.

பள்ளிப் பிள்ளை செய்யும் கழித்தல் கணக்கு. ஆனால் சின்ன சன்னல் என்பதால் ஒரு கட்டத்தில் தூசி விழுந்தாலும் ஏமாந்துபோகும். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபெலும் கேரி ஃபெல்ட்மேனும் அதை 3க்கு 3 சன்னலாக்கி, நடுவில் இருப்பதற்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். இன்று பொறியியல் கல்லூரியில் படச் செயலாக்கம் படிக்கும் யாரும் முதல் மாதத்தில் எழுதும் நிரல் அதுதான்.

விளிம்பு கிடைத்துவிட்டது என்றால் கோடு கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிடைப்பது சிதறிய புள்ளிகள். நடுவில் இடைவெளி, பக்கத்தில் தேவையில்லாத புள்ளிகள். இவற்றில் எவை ஒரே நேர்கோட்டைச் சேர்ந்தவை? இதற்கு விடை வந்தது இயற்பியலிலிருந்து. 1950களில் அணுத்துகள் ஆய்வகங்களில் குமிழிக் கலங்கள் என்ற கருவிகள் இருந்தன. துகள் ஒன்று திரவத்தின் வழியே பாயும்போது அதன் பாதையில் குமிழிகள் வரிசையாகத் தோன்றும், அதைப் படம் எடுப்பார்கள். இப்படிக் குவிந்த படங்களை நாள் முழுக்க உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பாதைகளைக் குறித்தவர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். படங்கள் வரும் வேகத்துக்கு எத்தனை கண் இருந்தாலும் போதவில்லை. இயந்திரமே பாதையைக் கண்டுபிடிக்க பால் ஹஃப் என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொல்லி, 1962இல் காப்புரிமையும் பெற்றார்.

அவர் யோசித்ததைத் தேர்தல் போலச் சொல்லிவிடலாம். ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற நேர்கோடுகள் போகலாம். சரி, அந்தப் புள்ளி தன் வழியாகப் போகக்கூடிய அத்தனை கோடுகளுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு போடட்டும். அடுத்த புள்ளியும் அப்படியே போடட்டும். தனித்தனியே பார்த்தால் இந்த வாக்குகளுக்குப் பொருளே இல்லை. ஆனால் நூறு புள்ளிகள் உண்மையிலேயே ஒரே கோட்டில் இருந்தால், அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் நூறு வாக்கு விழுந்திருக்கும். கடைசியில் வாக்குப் பெட்டிகளைத் திறந்து, எதில் அதிகம் என்று பார்த்தால் போதும்.

ஹஃப் ஒவ்வொரு கோட்டையும் அதன் சாய்வை வைத்து அடையாளம் காட்டினார். அதில் ஒரு சிக்கல்: செங்குத்தான கோட்டின் சாய்வு முடிவிலி, அதற்கு எந்தப் பெட்டியும் போதாது. 1972இல் ரிச்சர்ட் டூடாவும் பீட்டர் ஹார்ட்டும் சாய்வை விட்டுவிட்டு, படத்தில் நிலையாக வைத்த ஒரு மூலப் புள்ளியிலிருந்து கோடு எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிக்கல் தீர்ந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் வடிவம் அதுதான். மார்க் ஷீட்டின் ஓரத்தை உங்கள் விரல் பாதி மறைத்தாலும் செயலி கோட்டைப் பிடித்துவிடுகிறது என்றால், மறையாத மீதிப் புள்ளிகள் வாக்களித்துவிட்டன என்று பொருள்.

இதுவரை சொன்னதெல்லாம் வெற்றிக் கதை. ஆனால் செயலிக்குத் தாளின் நான்கு ஓரம் தெரிந்ததே தவிர, அது மார்க் ஷீட் என்று இந்த நான்கு வேலைகளில் எதுவும் சொல்லவில்லை. கிர்ஷ் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

1966 ஜூலை 7 தேதியிட்ட ஒரு குறிப்பு எம்.ஐ.டி.யில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் குழுவின் 100ஆவது குறிப்பு, எழுதியவர் சீமோர் பாபெர்ட். கோடை விடுமுறையில் வேலைக்கு வரும் மாணவர்களைப் பயனுள்ள வகையில் ஈடுபடுத்தி, பார்வை அமைப்பின் கணிசமான ஒரு பகுதியைக் கட்டுவது என்பது திட்டம். ஜூலைக்குள் படத்தைப் 'பொருளாக இருக்கலாம்', 'பின்னணியாக இருக்கலாம்', 'குழப்பம்' என்று பகுதிகளாகப் பிரித்துவிட வேண்டும். ஆகஸ்டில் அந்தப் பகுதிகளின் வடிவத்தை விவரிக்க வேண்டும், அப்புறம் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும். பந்து, செங்கல், உருளை ஆகியவற்றில் தொடங்கி, பிறகு சிகரெட் பெட்டி, பேட்டரி, கருவிகள், கோப்பை.

ஒரு கோடையில் கணினிப் பார்வையைத் தீர்த்துவிடச் சொன்னார்கள் என்று இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறிப்பைப் படித்தால் அதில் ஆணவம் தெரியவில்லை. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் ஒழுங்கான திட்டம்தான் தெரிகிறது. அப்போது கணினி இயற்கணிதம் போட்டது, செக்கர்ஸ் ஆடியது, தேற்றங்களை நிரூபித்தது. இவையெல்லாம் படித்தவர்களுக்கே சிரமமானவை. கோப்பையைக் கோப்பை என்று சொல்வது இரண்டு வயதுக் குழந்தை செய்யும் வேலை. கடினமானதே முடிந்துவிட்டது என்றால் எளிதானது முடியாதா என்று நினைப்பது இயல்பு. நமக்குப் பார்ப்பது எளிதாக இருப்பதற்குக் காரணம், மூளையின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே அந்த வேலையில் மூழ்கியிருப்பதுதான். அந்த உழைப்பு நம் நினைவுக்கு வருவதே இல்லை, அதனால் கணக்கிலும் சேரவில்லை.

சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். இங்கே கண்ணை முதலில் திறந்துவிட்டார்கள், பார்வை வரவில்லை.

எது தடுத்தது? கட்டைகளை வைத்தே சொல்லலாம். வெள்ளைக் கட்டை ஒன்று வெள்ளை மேசைமேல் இருந்தால், கட்டை முடிந்து மேசை தொடங்கும் இடத்தில் 180க்குப் பக்கத்தில் 182 என்று இருக்கும். ராபர்ட்ஸின் கழித்தல் அங்கே விளிம்பு இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் அந்தக் கட்டையின் நிழல் மேசையில் விழுந்த இடத்தில் 180க்குப் பக்கத்தில் 60. அங்கே பலமான விளிம்பு! பொருள் இருக்கும் இடத்தில் விளிம்பு இல்லை, இல்லாத இடத்தில் இருக்கிறது. எந்த விளிம்பு உண்மையானது என்று தெரிய வேண்டுமானால் அங்கே இருப்பது கட்டை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கட்டை என்று தெரிய விளிம்பு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பது போலத்தான்.

இந்த முடிச்சில் ஒரு நுனியை அவிழ்த்தவர் டேவிட் வால்ட்ஸ். அவருக்கு முன் 1971இல் டேவிட் ஹஃப்மனும் மேக்ஸ் க்ளோஸும் தனித்தனியாக ஒன்றைக் கவனித்திருந்தார்கள். கட்டைகளின் கோட்டோவியத்தில் ஒவ்வொரு கோடும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: வெளியே புடைத்த ஓரம், உள்ளே குழிந்த ஓரம், அல்லது ஒன்று இன்னொன்றை மறைக்கும் ஓரம். கோடுகள் சந்திக்கும் மூலைகளில் எல்லாச் சேர்க்கையும் சாத்தியமில்லை, சில மட்டுமே உலகத்தில் இருக்க முடியும். வால்ட்ஸ் 1972இல் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் இதை எடுத்துக்கொண்டு, எல்லோரும் தொல்லை என்று ஒதுக்கிய நிழலையும் உள்ளே சேர்த்தார். கோடுகளின் வகை மூன்றிலிருந்து ஐம்பதுக்கும் மேலே போனது. வேலை பன்மடங்கு கடினமாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. ஒரு மூலையில் சாத்தியமில்லாததை அடித்தால், பக்கத்து மூலையிலும் சில அடிபட்டன, அதற்குப் பக்கத்திலும் அப்படியே. சுடோகு போடுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பெரும்பாலான படங்களில் கடைசியில் ஒரே ஒரு விளக்கம் மிஞ்சியது. நிழல் இருந்ததால்தான் அது எளிதானது, ஏனென்றால் நிழல் எந்தக் கட்டை எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. சிக்கலை வெட்டி எறியாமல் உள்ளே அழைத்துக்கொண்ட இந்த இடம் இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் கவர்ந்தது.

ஆனால் அது கட்டைகளின் உலகம். வெளியே வேப்பமரம் இருக்கிறது, கசங்கிய வேட்டி இருக்கிறது, ஈரமான ரோடு இருக்கிறது. அங்கே எந்த மூலை சாத்தியம் என்று பட்டியல் போட முடியாது. 1970களில் இந்த இடத்தில்தான் துறை திணறியது. டேவிட் மார் என்ற ஆங்கிலேயர் எம்.ஐ.டி.க்கு வந்து, கண்ணும் மூளையும் எந்தக் கணக்கைத் தீர்க்கின்றன, ஏன் என்று முதலில் கேட்கச் சொன்னார். 1980இல் 35 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார்.

இதே பத்தாண்டில், பார்வையைத் தீர்க்காமலே படத்தின் தலைவிதியை மாற்றிய வேலை ஒன்று நடந்தது. பெங்களூரில் பிறந்து கான்சாஸில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, படங்களைச் சுருக்கக் கொசைன் அலைகளைப் பயன்படுத்தலாம் என்று 1972இல் அமெரிக்க அறிவியல் நிதி அமைப்பிடம் உதவி கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். மாணவர் டி. நடராஜனோடும், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டுப் போயிருந்த கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974இல் அதை வெளியிட்டார். வெளியானது சில பக்கக் கட்டுரை. 1992இல் வந்த ஜேபெக் என்ற படச் சுருக்க முறை அதன்மேல்தான் நிற்கிறது. குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்கள் ஒவ்வொன்றும் 8க்கு 8 கட்டங்கள் கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டு அந்தக் கணக்கின் வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

பார்வைக்கு விடை வேறொரு வழியில் வந்தது, அந்த வழியும் பழையதே. 1958இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் ஒரு நரம்புச் செல்லைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் புள்ளிகளைக் காட்டினால் அது அசையவில்லை. புள்ளிகளைக் காட்டிய கண்ணாடித் தகட்டை மாற்றும்போது அதன் ஓரம் ஒரு கோடாக நிழல் போட்டு நகர்ந்தது, செல் படபடவென்று துடித்தது. குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் விளிம்புக்கு மட்டுமே அது பதில் சொல்லும் செல். ஜப்பானில் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980இல் இதை அடுக்கடுக்கான கணக்காக எழுதினார்: கீழ் அடுக்கு விளிம்பைத் தேடும், மேல் அடுக்கு விளிம்புகளின் சேர்க்கையைத் தேடும். கணினிகள் அதற்கு ஈடுகொடுக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2012இல் அலெக்ஸ்நெட் என்ற நெட்வொர்க்கை லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியபோது, விளிம்பைப் பார் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. பழகி முடித்தபின் முதல் அடுக்கைத் திறந்து பார்த்தால், சாய்வான விளிம்புகளைத் தேடும் சின்னச் சின்ன சன்னல்கள். ராபர்ட்ஸ் கையால் எழுதியதை அது தானாகவே கண்டுபிடித்திருந்தது.

கிர்ஷ் இதற்கெல்லாம் சாட்சியாக நெடுங்காலம் இருந்தார். 2020இல் 91 வயதில் காலமானார். அவர் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 1957இல் கட்டங்களைச் சதுரமாக வைத்தது அவர் குழுதான். அப்போது அதுவே எளிது. ஆனால் உலகத்தில் எதுவும் சதுரத்தால் ஆனதல்ல, அதனால் சாய்வான கோடெல்லாம் படிக்கட்டாகத் தெரிகிறது. அது முட்டாள்தனம், உலகமே அதனால் அவதிப்படுகிறது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 2010இல், 81 வயதில், பழைய மொசைக் கலைஞர்கள் ஓட்டுச் சில்லுகளை உருவத்துக்கு ஏற்ப வெட்டிப் பதித்ததை மனதில் வைத்து ஒரு நிரல் எழுதினார். சின்னப் பகுதி ஒன்றை எப்படி இரண்டாக வெட்டினால் இரண்டு பக்கமும் அதிகம் வேறுபடும் என்று அது தேடும், அந்த வெட்டையே வைத்துக்கொள்ளும். விளிம்பு போகும் பக்கம் கட்டமும் சாயும். அதைச் சோதிக்க அவருக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. வால்டனுடைய புதிய படம் ஒன்றை எடுத்துக்கொண்டார். மகனுக்கு அப்போது வயது 53.